இரண்டு மதில்களுக்கு நடுவே நின்றவர்கள்

நண்பர் ஒருவர், ரோமானியத் தளபதி சீசர் கோல் நாட்டில் (இன்றைய பிரான்ஸ்) நடத்திய அலேசியா முற்றுகையை வைத்துத் தமிழில் ஒரு வரலாற்று நாவல் எழுதிக்கொண்டிருக்கிறார். முதல் பதினெட்டு அத்தியாயங்களைப் படித்துக் கருத்துச் சொல்லும்படி என்னிடம் கொடுத்திருந்தார். நேரில் அவரிடம் சொன்னதை, அவருடைய சம்மதத்துடன், இங்கே சற்று விரித்து எழுதுகிறேன்.

புதுச்சேரிக்காரர் இந்தக் கதையைத் தேர்ந்தெடுத்ததில் எனக்கு வியப்பில்லை. பிரெஞ்சுப் பள்ளியில் படித்த என் தாத்தா, 'நம் மூதாதையரான கோல் மக்கள்' என்ற பாடத்தைத் தள்ளாத வயதிலும் ஒப்பிப்பார். அலேசியாவில் சீசரை எதிர்த்து நின்ற கோல் தலைவனின் வெர்சின்ஜெத்தோரிக்ஸ் என்ற வாயில் நுழையாத பெயர் எங்கள் வீட்டில் கரிகாலனுக்கு முன்பே குடியேறிவிட்டது. கோல் பிரபுக்கள் வாயை மறைக்கும் அளவுக்கு மீசை வளர்த்தவர்கள் என்பதால், நம் ஊர்த் தொடர்கதைக்குப் படம் வரைபவர்களுக்கும் சிரமம் இருக்காது.

நாவலில் போர்ப்பகுதிகள் உண்மையிலேயே நன்றாக வந்திருக்கின்றன. கி.மு. 52-இல் சீசர் அந்த மலைநகரைச் சுற்றி 11 ரோமானிய மைல், அதாவது ஏறத்தாழ 16 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓர் அரண் அமைத்தார். உதவிக்கு வரும் கோல் படையைத் தடுக்க, அதற்கு வெளியே 14 மைல் நீளத்துக்கு இன்னோர் அரணை எழுப்பினார். உள்ளே இருப்பவனை முற்றியவரே வெளியே இருந்து முற்றப்பட்டவராகவும் ஆன அந்த விசித்திர நிலையை நண்பர் அழகாகப் பிடித்திருக்கிறார். கூர் சீவிய கழியை நட்டுச் சுள்ளிகளால் மூடிய குழிகளுக்கு ரோமானியச் சிப்பாய்கள் 'லில்லி' என்று பூவின் பெயரை வைத்ததைப் பற்றி அவர் எழுதியிருக்கும் பக்கம், இதுவரை வந்தவற்றில் மிகச் சிறந்தது.

என் மறுப்பு வேறு இடத்தில் இருக்கிறது. அவர் ஓர் அத்தியாயத்தைச் சீசருக்கும் அடுத்ததை வெர்சின்ஜெத்தோரிக்ஸுக்கும் என்று மாற்றி மாற்றிக் கொடுத்து, இருவரையும் ஒரே நிலவைப் பார்த்துப் பெருமூச்சு விட வைத்து, இரு தரப்புக்கும் நியாயம் செய்துவிட்டதாக நினைக்கிறார். ஆனால் கோல் தலைவன் தன் கையால் எழுதிய ஒரு வரியும் நமக்குக் கிடைக்கவில்லை. அவனைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி சீசர் எழுதி வைத்ததுதான், சீசருக்கோ எதிரி எவ்வளவு பெரியவனோ அவ்வளவுக்கு வெற்றியும் பெரிதாகும். ஆகவே இந்தத் தராசின் இரண்டு தட்டுகளிலும் உட்கார்ந்திருப்பவர் சீசர் ஒருவரே.

நகருக்குள் தானியம் குறைந்தபோது, அந்நகரத்துக்கே சொந்தக்காரர்களான மாண்டுபீ மக்கள் மனைவி மக்களோடு வெளியேற்றப்பட்டார்கள். அவர்கள் ரோமானிய அரணருகே வந்து, அடிமைகளாகவாவது ஏற்றுக்கொண்டு சோறு போடும்படி அழுது கேட்டார்கள். சீசர் காவல் போட்டு, அவர்களை உள்ளே விடவேண்டாம் என்று உத்தரவிட்டார். இதைச் சீசர் ஓரிரு வரிகளில் முடித்துவிட்டார் என்றால் அதற்குக் காரணம் புரிகிறது. நண்பரும் அரைப் பக்கத்தில் முடித்து, அதையும் தளபதியின் கண்ணில் துளிர்த்த நீராக மாற்றிவிட்டதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

அதுவும் நம் ஊரில் இருந்துகொண்டு! வந்தவாசியில் ஆங்கிலேயரிடம் தோற்ற பிரெஞ்சுத் தளபதி லாலி இங்கே புதுச்சேரியில் ஒடுங்க, ஆங்கிலேயப் படைத்தலைவர் அயர் கூட் நகரை வளைத்துக்கொண்டார். 1760 நவம்பர் இறுதியில், உணவை மிச்சப்படுத்துவதற்காக லாலி சுமார் 1,400 உள்ளூர் மக்களை, பெண்களும் குழந்தைகளும் உட்பட, கோட்டைக்கு வெளியே தள்ளினார். ஆங்கிலேயர் தங்கள் வரிசையைக் கடக்க அவர்களை அனுமதிக்கவில்லை. திரும்பி வந்தால் கோட்டைக் கதவும் திறக்கவில்லை. புல்வேரைப் பிடுங்கித் தின்றபடி ஒரு வாரத்துக்கும் மேலாக அவர்கள் நடுவெளியில் அலைந்த பிறகே கூட் வழிவிட்டார். 1761 ஜனவரியில் நகரம் விழுந்தது, மதில்கள் இடிக்கப்பட்டன. இன்று நாம் புல்வாரில், அதாவது நகரைச் சுற்றி ஓடும் அகலச் சாலையில், சுற்றி வரும்போது ஏறக்குறைய அந்த மதிலின் தடத்திலேயே போகிறோம். கூட், லாலி இருவர் பெயரும் சரித்திரத்தில் நிலைத்துவிட்டன (லாலியின் தலையை 1766-இல் பாரிசில் அவருடைய சொந்த அரசே வாங்கியது). அந்த 1,400 பேர் வெறும் எண்ணாகவே நின்றுவிட்டார்கள்.

நம் இலக்கணம் மதிலை முற்றுபவனுக்கு உழிஞைப் பூவையும் காப்பவனுக்கு நொச்சிப் பூவையும் கொடுத்தது, நடுவில் நிற்பவனுக்கு ஒரு பூவும் இல்லை. ஆனால் நம் புலவர் ஒருவர் மதிலுக்குள் சிக்கியவர்களை மறக்கவில்லை. நலங்கிள்ளி ஆவூரை முற்றியிருந்தபோது, உள்ளே கதவடைத்துக் கிடந்த நெடுங்கிள்ளியிடம் கோவூர் கிழார் பாடியது புறநானூற்றின் 44-ஆம் பாட்டு. இரண்டு தளபதிகளும் சோழர்கள், இருவர் வீரத்தையும் பாடிக் குவித்திருக்கலாம். அவரோ கயத்தில் படியாமலும் நெய்ச்சோற்றுக் கவளம் கிடைக்காமலும் நிலத்தில் புரளும் யானையையும், பாலின்றி அலறும் குழந்தையையும், பூவின்றி வெறுங்கூந்தலை முடியும் பெண்களையும் காட்டுகிறார். அறத்தை விரும்பினால் நாடு உன்னுடையது என்று சொல்லிக் கதவைத் திற, மறத்தை விரும்பினால் போருக்குத் திற, இரண்டும் இல்லாமல் மதிலின் ஒரு பக்கத்தில் ஒடுங்கிக் கிடப்பது நாணத்தக்கது என்று அவன் முகத்துக்கு நேரே சொல்கிறார். இதில் நெடுங்கிள்ளியின் அகப்போராட்டம் என்று ஒரு வரியும் இல்லை. அப்படியிருந்தும் பாட்டை முடிக்கும்போது அவன் எப்படிப்பட்டவன் என்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, மாண்டுபீ மக்களில் ஒருவருடைய பெயர்கூடக் கிடைக்காதபோது எப்படி எழுதுவது என்று நண்பர் கேட்டார். ஆவூர்ப் பெண்களின் பெயரும் நமக்குத் தெரியாது, அவர்கள் தலையில் பூ இல்லை என்பது மட்டும்தான் தெரியும் என்றேன். பதினெட்டாம் அத்தியாயத்தை மட்டும் திரும்ப வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.