மற்றும் குடுத்தார் குடுத்தனவும்

போன வெள்ளிக்கிழமை சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலில் அர்ச்சனைச் சீட்டுக்கு நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற பெரியவர், "அந்தக் காலத்துல ராஜா இருந்தார், அள்ளிக் கொடுத்தார். இப்ப நாமதான் ஆளுக்கு அஞ்சும் பத்தும் போட வேண்டியிருக்கு" என்றார். வயதில் மூத்தவர், அங்கே மறுத்துப் பேச மனம் வரவில்லை. ஆனால் நாலு நாளாக அந்தப் பேச்சு மனசிலேயே கிடக்கிறது.

1010இல் தஞ்சைப் பெரிய கோயிலை எழுப்பி முடித்த ராஜராஜன் கல்லில் வெட்டச் சொன்னது இது: "நாம் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்." அக்கன் என்பது குந்தவை. கடைசியில் வருகிற 'மற்றும் குடுத்தார்' யார் என்று நாம் கேட்பதே இல்லை.

கொடுத்தவர்களாவது கணக்கில் வந்தார்கள். அணையாமல் எரிய வேண்டிய ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடு விட்டார்கள். விட்டவருக்குப் புண்ணியம், சரி. அந்த ஆட்டை மேய்த்து, பால் கறந்து, தயிர் கடைந்து, வெண்ணெய் உருக்கித் தினமும் ஒரு உழக்கு நெய் அளந்தது யார்? இடையர்கள். 'சாவா மூவாப் பேராடு' என்று கல்வெட்டுகள் சொல்லும். ஆடு சாகாமலா இருக்கும்? செத்தாலும் கிழடானாலும் குட்டிகளைக் கொண்டு மந்தையின் எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது இடையர் பாடு. அவருக்கப்புறம் அவர் உறவுக்காரர் பாடு, சூரிய சந்திரர் உள்ளவரை.

நெல்லும் அப்படித்தான். அரசன் ஊரைக் கோயிலுக்கு விட்டான் என்கிறோம், வந்து சேர்ந்தது உழவன் விளைத்த நெல். கோயில் காசை ஊர்ச் சபைகள் கடனாக வாங்கி, காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி கட்டின. 12.5 சதவீதம்!

ராஜராஜனைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆடு பெற்ற இடையர்களின் பெயரையும் அதே கோயில் கல்லில் வெட்டவைத்தான், அதற்காகவே அவன் மேல் எனக்கு மதிப்பு. நாம்தான் அவன் பெயரோடு படிப்பதை நிறுத்திக்கொள்கிறோம்.

நாங்கள் நின்ற கோயிலை 1827இல் எழுப்பியவர் நாராயண பிள்ளை. ராஜா இல்லை, ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸோடு 1819இல் வந்து இங்கே பிழைத்தவர். முதலில் மரமும் அத்தாப்பு ஓலைக் கூரையுமாகத்தான் இருந்தது.

அம்மா வருஷா வருஷம் தீமிதிக்கு முன்னால் அங்கே ஒரு டின் நல்லெண்ணெய் கொடுப்பார். அவர் போய் மூன்று வருஷம் ஆகிறது. இப்போது நானும் தங்கச்சியும் பாதிப் பாதி போட்டு வாங்கிக் கொடுக்கிறோம்.