பீச்கிராஃப்ட் டியூக்கில் டர்பைன்: வேகக் கணக்கில் ஒரு திருத்தம்

“டியூக் என்ற இரட்டை எஞ்சின் விமானத்தில் தலா 380 குதிரைத்திறன் பிஸ்டன் எஞ்சின்களைக் கழற்றிவிட்டு தலா 550 குதிரைத்திறன் பிடி6 டர்பைன் எஞ்சின்களை மாட்டினால் வேகமும் அதே விகிதத்தில் கூடும்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது சரியில்லை. காற்றின் தடையை மீறத் தேவைப்படும் திறன், வேகத்தின் கனத்துக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏற்பக் கூடுகிறது. ஆகவே 45 சதவீதக் கூடுதல் திறன், அதே உயரத்தில் சுமார் 13 சதவீத வேகத்தைத்தான் தரும்.

அதையும் எப்போதும் முழுசாகப் பயன்படுத்த முடியாது. இறக்கையும் வாலும் பழையவைதானே! வேகமானியைப் பாருங்கள்: பிஸ்டன் விமானத்தில் வழக்கமான வேகத்துக்கான பச்சை வளைவு, அதற்கு மேலே காற்று அமைதியாக இருந்தால் மட்டும் போகக்கூடிய மஞ்சள் வளைவு, அதன் முடிவில் தாண்டவே கூடாத சிவப்புக் கோடு. டர்பைனுக்கு மாறினால் சான்றிதழ் விதிப்படி மஞ்சளே கிடையாது. காற்று அமைதியாக இருக்கிறது என்று அந்தப் பகுதிக்குள் போகிற சலுகை போய்விடும். உச்ச வேக வரம்பு குறைந்துவிடும். உயரத்திலிருந்து இறங்கி வரும்போது விமானி இதை மறந்தால் ஆபத்து, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

உண்மையான லாபம் ஏற்றத்திலும் குட்டை ஓடுபாதையிலும் இருக்கிறது. பிஸ்டன் விமானங்களுக்கான ஈயம் கலந்த பெட்ரோலை (ஏவ்கேஸ்) தேடி அலையவும் வேண்டாம்.