ஒரு வட்டியும் மூன்று வட்டியும்

எங்கள் தெருவில் சென்ட்ரிங் வேலை பார்த்தவர் ஒருவர், சாரம் சரிந்து மூன்றாவது மாடியிலிருந்து விழுந்து இறந்தார். வயது 35. அவர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். காரியச் செலவுக்கு என்று இருபதாயிரம் ரூபாயைக் கொடுத்துவிட்டுப் போன கட்டட ஒப்பந்ததாரர், பிறகு போனை எடுக்கவில்லை. தொழிலாளர் இழப்பீட்டு ஆணையரிடம் இழப்பீடு கேட்டு மனுப் போட்டதும் அவரிடமிருந்து பதில் வந்தது: 'இப்படி ஓர் ஆள் என்னிடம் வேலையே பார்க்கவில்லை.'

நல்லவேளை, அக்காவிடம் ஒரு சின்ன நோட்டு இருந்தது. சனிக்கிழமைதோறும் மேஸ்திரி தன் கையால் 'சம்பளம் 4,200' என்று எழுதி, கீழே கிறுக்கலாய்க் கையெழுத்துப் போட்ட நோட்டு. அதில் ஒரு பக்கத்தில் சிமெண்ட் விரல் ரேகை அப்படியே காய்ந்து கிடந்தது. அந்த நோட்டை வைத்துத்தான் வழக்கே நின்றது.

உத்தரவு வர இரண்டு வருடம் நாலு மாதம் ஆனது. மூன்று மாதத்தில் விசாரணையை முடிக்க வேண்டும் என்று 1923 தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் 2009 திருத்தம் சொன்னது. சிரிக்காதீர்கள்.

விபத்து நடந்தபோது இருந்த அந்த 1923 சட்டத்தின்படி கணக்கு இதுதான். மாதச் சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் 15,000 ரூபாய்தான் உச்சவரம்பு. இறப்புக்கு அதில் பாதி, 7,500. அதைச் சட்டத்தின் அட்டவணையில் 35 வயதுக்குரிய 197.06 என்ற எண்ணால் பெருக்கினால் 14,77,950 ரூபாய். விபத்து நடந்த நாளிலேயே இந்தத் தொகை கொடுக்க வேண்டியதாகிவிடுகிறது. ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் ஆண்டுக்கு 12 சதவீதம் தனி வட்டி. நம் ஊர்க் கணக்கில் சொன்னால் ஒரு வட்டி.

இந்த இரண்டு வருடமும் அக்கா பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கும் வாடகைக்கும் கடன் வாங்கியது மூன்று வட்டிக்கு. ஒப்பந்ததாரரோ ஃபைனான்ஸில் இரண்டு வட்டிக்குப் பணம் புரட்டுகிறவர். அவருக்கு அக்காவின் பணத்தைவிட மலிவான கடன் இந்த ஊரில் எங்கே கிடைக்கும்? ஜாமீன் வேண்டாம், பத்திரம் வேண்டாம். வட்டிக்கு வட்டியும் கிடையாது.

இதற்கு மருந்தும் அதே சட்டத்தில் இருக்கிறது. பிரிவு 4ஏ. தாமதத்துக்கு நியாயமான காரணம் இல்லையென்றால் இழப்பீட்டில் 50 சதவீதம் வரை அபராதம். அக்காவின் வழக்கில் அது 7,38,975 ரூபாய் வரை போகலாம். முன்பு அபராதம் மாநில அரசின் கணக்குக்குப் போனது. 2000 திருத்தத்துக்குப் பிறகு குடும்பத்துக்கே வருகிறது. இன்னொன்று முக்கியம்: முதலாளி காப்பீடு எடுத்திருந்தால் அசலையும் வட்டியையும் காப்பீட்டு நிறுவனம் கட்டிவிடும். அபராதத்தை மட்டும் முதலாளி தன் பையிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்று 1997இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, அவருக்கு உறைக்கக்கூடியது இது ஒன்றுதான்.

அக்காவுக்கு வந்த உத்தரவில் அபராதம் பற்றி ஒரு வரிகூட இல்லை. விசாரித்தால், 'எதிர்த்தரப்பு வழக்காடியதே, அதனால்தான் தாமதம்' என்கிறார்கள். பொய் சொல்லி வழக்காடுவது எப்போதிலிருந்து நியாயமான காரணம் ஆனது? 1975இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கில், சினிமா கொட்டகையில் வேலை பார்க்கும்போது விழுந்து இடது கையை இழந்த தச்சரைப் பற்றி அந்த உரிமையாளரும் 'என் தொழிலாளி இல்லை, ஒப்பந்தத்துக்கு வந்தவர்' என்றுதான் சொன்னார். அந்தச் சாக்கு எடுபடவில்லை. இழப்பீடு 9,800 ரூபாய், அதற்கு மேல் 50 சதவீத அபராதம். இரண்டையும் நீதிமன்றம் உறுதி செய்தது.

முதலாளியின் விளக்கத்தைக் கேட்காமல் அபராதம் போட முடியாது. சரி, கேளுங்கள். முதல் மாதம் முடிந்ததுமே விளக்கம் கேட்கும் நோட்டீஸை ஆணையர் அனுப்ப என்ன தடை? கணவனை இழந்தவர் பிரிவு எண் சொல்லி மனுப் போட்டால்தான் அனுப்புவார்களா? 1923 சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பர் முதல் நடப்புக்கு வந்திருக்கும் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் 'வரை' என்ற அந்தச் சொல் அப்படியேதான் இருக்கிறது. பூஜ்யமும் அந்த 'வரை'க்குள் அடங்கிவிடுகிறது. கால் பங்குக்குக் குறையாமல் என்று ஒரு தரைமட்டம் போட்டிருக்கலாம்.

அபராதம் கேட்டு அக்கா இப்போது தனி மனு கொடுத்திருக்கிறார். வந்த பணத்தில் முதலில் அடைத்தது மூன்று வட்டிக் கடனை. வட்டியே கிட்டத்தட்ட அசலை எட்டியிருந்தது.