விடியும் நேரத்தில் உறங்கப் போகும் வீரர்கள்

தென்கொரியா, ஆஸ்திரேலியா, அமெரிக்கா ஆகிய நாடுகளைச் சேர்ந்த 17 தொழில்முறை இ-ஸ்போர்ட்ஸ் (போட்டியாக ஆடும் கணினி விளையாட்டு) வீரர்களின் உறக்கத்தை மணிக்கட்டுக் கருவியால் அளந்த ஆய்வொன்று 2021இல் வெளியானது. அவர்கள் பொதுவாக உறங்கத் தொடங்கியது அதிகாலை 3.45 மணியளவில்; எழுந்தது பகல் 11.30 மணிக்குச் சற்று முன்பு. உண்மையில் உறங்கியது 7 மணி நேரத்திற்கும் குறைவு. கொரிய வீரர்கள் நாளொன்றுக்கு 13 மணி நேரத்திற்கும் மேல் பயிற்சி செய்தார்கள், மனச்சோர்வு அறிகுறிகளும் அவர்களிடமே கூடுதலாகக் காணப்பட்டன. 17 பேர் சிறு எண்ணிக்கைதான் என்றாலும், பிற்பகலில் ஸ்க்ரிம் எனப்படும், வேறோர் அணியுடனான பயிற்சி ஆட்டம், மாலையில் மீண்டும் ஸ்க்ரிம், அதன்பின் நள்ளிரவு தாண்டியும் தனியாகத் தரவரிசை ஆட்டம் என்று ஓடும், வீரர்கள் சேர்ந்து வசித்துப் பயிற்சி செய்யும் அணி வீடுகளின் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இந்த முடிவு வியப்பளிக்காது.

இதை வீரரின் ஒழுக்கக்குறை என்று பேசுவதை நான் ஏற்கவில்லை. கால அட்டவணையை வகுப்பது அணி நிர்வாகம்; அதற்குள் வாழ்பவர்களில் பலர் இருபது வயதையொட்டியவர்கள்.

2003இல் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனையில், இரண்டு வாரம் இரவுக்கு 6 மணி நேரம் மட்டுமே உறங்க அனுமதிக்கப்பட்டவர்களின் கவனத்திறன், ஓரிரு இரவுகள் கண்ணே மூடாதவர்களின் அளவுக்குச் சரிந்தது. தங்கள் திறன் இந்த அளவுக்குக் குறைந்துவிட்டதை அவர்கள் பெரும்பாலும் உணரவுமில்லை. எனக்கு மிகுந்த கவலை தருவது இந்தக் கடைசிச் செய்திதான். எதிரி திரையில் தோன்றிய நொடிப்பொழுதில் குறிபார்த்துச் சுட வேண்டிய வேலரண்ட் போன்ற ஆட்டத்தில், உறக்கம் குறைந்தவரின் கவனம் அரை நொடி அறுந்தாலும் அந்தச் சுற்று கைவிட்டுப் போகும். தோற்றதற்குப் பயிற்சி போதவில்லை என்று தானே முடிவு செய்து, அவர் அன்றிரவு இன்னும் இரண்டு மணி நேரம் கூடுதலாக விழித்திருப்பார்.

தென்கொரிய அரசு 2011இல் கொண்டுவந்த சட்டம், 16 வயதுக்குட்பட்டவர்கள் நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை இணைய விளையாட்டு ஆடுவதைத் தடுத்தது. 2022 தொடக்கத்தில் அது நீக்கப்பட்டது. பிள்ளைகளின் உறக்கத்தின் மேல் அவ்வளவு அக்கறை காட்டிய அந்தச் சட்டம், வயது வந்த வீரர்களின் பயிற்சி நேரத்தைத் தொடவேயில்லை.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் கூடைப்பந்து வீரர்கள் சில வாரங்கள் நாளுக்கு 10 மணி நேரம் படுக்கையில் இருக்க முயன்றபோது, அவர்களுடைய ஃப்ரீ த்ரோ (எதிரணியின் தடையின்றி வளையத்தில் பந்தெறிதல்) துல்லியம் 9 விழுக்காடு உயர்ந்ததாக 2011இல் வெளியான ஆய்வு கூறுகிறது. ஒப்பிட்டுப் பார்க்கத் தனிக் குழு இல்லாத சிறிய ஆய்வு அது. ஆயினும் ஓர் அணி தன்னளவில் முயன்று பார்க்க இதுவே போதுமான காரணம். கடைசி ஸ்க்ரிம் இரவு 9 மணிக்குள் முடியட்டும். அதன்பின் ஆடும் தரவரிசை ஆட்டங்களைப் பயிற்சிக் கணக்கில் சேர்க்காதிருக்கட்டும். ஓய்வு நேரத்தை ஊதியத்தைப் போலவே ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்திடட்டும்.