அந்த 315 கிலோமீட்டர் வேகம் எந்த வண்டியுடையது?

பெங்களூருவின் கனகபுரா சாலைப் பக்கம் வார இறுதியில் ஏடிவி (கரடுமுரடான நிலத்தில் ஓட்டும் நான்கு சக்கர வண்டி) ஓட்டப் போகலாமா என்று கேட்டவருக்கு, "இவை மணிக்கு 315 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும், மெட்ராஸ் விமான நிலையத்திலேயே ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள்" என்று மேலே ஒருவர் பதில் எழுதியிருக்கிறார். எண் சரி, ஆனால் அதை எல்லா ஏடிவிகளுக்கும் பொருத்துவது தவறு. 2008-இல் டெரி வில்மெத் என்பவர் நிகழ்த்திய அந்தச் சாதனைக்காக, யமஹா ராப்டர் 700 வண்டியில் ராக்கெட் உந்துவிசைக் கருவியும் பொருத்தப்பட்டிருந்தது. தவிர, அந்த மெட்ராஸ் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் உள்ள சிற்றூர்; நம் மீனம்பாக்கத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

கடையில் விற்கும் ராப்டர் 700, மாற்றம் எதுவும் செய்யாத நிலையில், ஏறத்தாழ 115 முதல் 120 கிலோமீட்டர் வேகத்தைத்தான் எட்டும். பண்ணை வேலைக்கான நடுத்தர வண்டிகளின் வேகம் பெரும்பாலும் அதற்கும் குறைவு. சிறுவர்களுக்கான வண்டிகளிலும் சவாரித் திடல்களில் தரப்படும் பல சிறிய வண்டிகளிலும், கட்டைவிரலால் அழுத்தும் ஆக்சிலரேட்டரின் ஓரத்தில் ஒரு சிறு திருகு இருக்கும்; அதை உள்ளே திருகிவிட்டால், எவ்வளவு அழுத்தினாலும் வண்டி குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டாது.

என் பார்வையில் உச்சவேகத்தைவிட வளைவுதான் கவலைக்குரியது. இத்தகைய வண்டிகள் பலவற்றில், திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரத்தை உட்பக்கச் சக்கரத்தைவிட வேகமாகச் சுழல விடும் டிஃபரன்ஷியல் என்ற அமைப்பு இல்லாததால் பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுழலும். ஆகவே திரும்பும்போது ஏதேனும் ஒரு சக்கரம் சறுக்கியே தீர வேண்டும். மண்ணில் அது எளிதாகச் சறுக்கிவிடும். தார்ச்சாலையிலோ டயர் பிடித்துக்கொள்வதால், மிதமான வேகத்தில்கூட வண்டி திரும்ப மறுக்கலாம், கவிழவும் கூடும்.