மரத்துல ஆணி அடிச்சு மரம் பராமரிப்புக்கு விளம்பரமா?

நேத்து அண்ணா நகர்ல வேலைய முடிச்சிட்டு வரும்போது பாத்தேன், ரோட்டோர இயல்வாகை மரத்துல நாலு ஆணி அடிச்சு ஒரு போர்டு, "மரம் பராமரிப்பு, தோட்டம் அமைத்துத் தரப்படும்"னு போட்டு கீழ நம்பர். 14 வருஷமா இதே தொழில்ல இருக்கேன், மனசு கேக்கல, வண்டிய ஓரங்கட்டிட்டு அந்த நம்பருக்கே போன் போட்டேன். எடுத்தது சின்னப் பையன், ஆரம்பிச்சு ஆறு மாசம்தான் ஆகுதாம். திட்டத்தான் கூப்ட்டேன், ஆனா அவன் "அப்ப போர்ட வேற எங்கண்ணே மாட்றது"ன்னு கேட்டதும் கோவமே போயிடுச்சு. அவன்கிட்ட சொன்னத இங்கயும் எழுதுறேன்.

மொதல்ல ஆணி. பட்டைக்கு கொஞ்சம் உள்ளதான் மரத்த வளர வைக்கிற அடுக்கே இருக்கு, ஆணி அதுல ஓட்ட போட்டா பூஞ்சை உள்ள போக வழி ஆயிடுது. நமக்கு மாதிரி மரத்துக்கு புண் ஆறாது, அந்த இடத்த சுத்தி உள்ள அடைச்சிட்டு அதுக்கு மேல வளரும், ஆணிய அப்படியே முழுங்கிடும். பத்து வருஷம் கழிச்சு நம்மாளு ஒருத்தர் கயித்துல தொங்கிட்டு செயின்சா வெக்கும்போது செயின் அந்த ஆணில பட்டா மெஷின் எகிறும், கையோ மூஞ்சியோ போகும். மாநகராட்சி அபராதம்லாம் அதுக்கு அப்புறம்தான்.

சரி, போர்டு இல்லாம கஸ்டமர் எப்படி வருவாங்க? எனக்கு வந்தது தென்னை மரத்தாலதான். சென்னைல தனி வீடுன்னா ரெண்டு தென்னையாவது இருக்கும், மாசம் ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா காய் பறிக்கணும், காஞ்ச மட்டைய கழிக்கணும், அதுல பெருசா காசு நிக்காது, ஆனா அந்த வீட்டம்மா நம்ம பேர சொல்லி கூப்பிடுற அளவுக்கு பழகிடுவாங்க, அப்புறம் மாமரம் கழிக்கணும்னாலும் மாடித்தோட்டம் போடணும்னாலும் வேற யாரயும் தேட மாட்டாங்க, தெரு வாட்ஸப் குரூப்ல அவங்களே நம்பர போடுவாங்க.

நெறைய பேர் பயத்த காட்டி விக்கிறாங்க, எனக்கு சுத்தமா பிடிக்காத விஷயம் இது. அக்டோபர் வந்தா போதும், "புயல் வந்தா வீட்டு மேல விழும் சார், மொத்தமா எடுத்துடலாம்"னு மெசேஜ். 2016 டிசம்பர் 12 வர்தா அடிச்சப்ப வாரக்கணக்கா விழுந்த மரத்த அறுத்தவன் நான். நான் அறுத்ததுல எத்தனையோ மரத்துக்கு ஒரு பக்கம் வேரே இல்ல, கால்வாய்க்கும் கேபிளுக்கும் தோண்டும்போது வெட்டிட்டாங்க, மிச்சத்த தூர் வரைக்கும் சிமெண்ட் போட்டு மூடிட்டாங்க. மரத்த சுத்தி 1 மீட்டர் சிமெண்ட் இல்லாம விடணும்னு பசுமைத் தீர்ப்பாயம் 2013லயே டெல்லிக்கு சொல்லிடுச்சு, நம்ம தெருவுல இன்னும் தூர ஒட்டி டைல்ஸ் பதிக்கிறாங்க. அதனால கஸ்டமர் வீட்டுக்கு போனா மொதல்ல மரத்தோட தூர பாருங்க, சிமெண்ட உடைச்சு விட்டாலே போதும்னா அத சொல்லுங்க, அன்னைக்கு வேலை சின்னதாகும், ஆனா அவர் உங்கள மறக்க மாட்டார்.

அப்புறம் போட்டோ. மரத்தோட தலைய மொட்டையா வெட்டிட்டு அதயே பெருமையா ஸ்டேட்டஸ்ல போடுறாங்க. மொட்டை அடிச்ச எடத்துல கொத்தா துளிர் வரும், பாக்க பச்சையா இருக்கும், ஆனா அதெல்லாம் மேலாப்புல ஒட்டிட்டு நிக்கிற கிளை, கொஞ்சம் கனத்ததும் காத்துக்கு முறியும். கிளை அடில வளையம் மாதிரி வீங்கி இருக்குமே, அத விட்டுட்டு சுத்தமா வெட்டுன போட்டோவ போடுங்க, அதே மரத்த ஒரு வருஷம் கழிச்சும் எடுத்து போடுங்க. ஆளுங்க ஹெல்மெட்டும் கயிறும் போட்டுட்டு நிக்கிறதும் தெரியட்டும். நெட்ல சுட்ட லான் போட்டோ வேண்டவே வேண்டாம், நிழல் விழுற வீட்டுல அந்தப் புல்லு வராது, நாளைக்கு உங்கள தான் கேப்பாங்க.

சாயங்காலம் அந்த போர்டு மாட்டுன தம்பி ஒரு போட்டோ அனுப்பிச்சான், உள்ளங்கைல நாலு ஆணி. ஞாயித்துக்கிழமை முகப்பேர்ல ஒரு வேப்பமரம் கழிக்க வேண்டியிருக்கு, அவனயும் வரச் சொல்லிருக்கேன்.