அது என் 11ஆவது நாள்

ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தில் நான் பாதியில் உட்கார்ந்திருக்கும் படத்தை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். ‘வெண்ணை வண்டி வழியில் நின்றது’ என்ற வாசகத்துக்குச் சிரித்த முகமும் போட்டுவிட்டீர்கள். சரி. நானும் முதலில் சிரித்தேன். அப்புறம் இரண்டு நாளாகச் சிரிப்பு வரவில்லை, எழுதுகிறேன்.

மாவுச்சத்தைக் குறைத்து, நீங்கள் கேலி செய்யும் அந்தக் கொழுப்பு உணவுக்கு மாறி அன்றைக்கு 11ஆவது நாள். பதினொன்றுதான்.

கல்லீரலிலும் தசையிலும் உடம்பு சேர்த்துவைத்திருக்கும் சர்க்கரை மொத்தமே அரைக் கிலோ அளவுதான். ஒவ்வொரு கிராமோடும் சுமார் 3 கிராம் தண்ணீர் ஒட்டியிருக்கும். மாவுச்சத்தை நிறுத்தினால் இருப்பு கரையும், தண்ணீரும் கூடவே போகும். முதல் வாரமே 2 கிலோ குறைந்துவிட்டது என்று ஆடினேனே, அதில் பெரும்பகுதி இந்தத் தண்ணீர்தான். இன்சுலின் இறங்குவதால் சிறுநீரகம் உப்பையும் வெளியே தள்ளிவிடுகிறது. தலைவலி, கால் கனம், கிறுகிறுப்பு எல்லாம் பெரும்பாலும் அந்த உப்பு போவதன் வேலை. நானோ உடம்புக்கு நல்லது என்று உப்பையும் சேர்த்துக் குறைத்திருந்தேன். முட்டாள்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

6ஆவது கிலோமீட்டரில் ஷூ கயிறு அவிழ்ந்தது. குனிந்து கட்டினேன். நிமிர்ந்தால் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கைக்குக் கிடைத்த கல்லைப் பிடித்து உட்கார்ந்துவிட்டேன். அந்த நேரத்துப் படம் அது.

“உட்கார்ந்தாய் அல்லவா, அப்படியென்றால் இந்த உணவே தப்புதானே?” என்பீர்கள். 11ஆவது நாளில் தீர்ப்பு எழுதுவதுதான் தப்பு. 1983இல் ஸ்டீபன் ஃபின்னி என்ற அமெரிக்க ஆய்வாளர் 5 சைக்கிள் வீரர்களுக்கு 4 வாரம், நாளுக்கு 20 கிராமுக்கும் குறைவான மாவுச்சத்து கொடுத்துப் பார்த்தார். களைத்து நிறுத்தும்வரை முன்பு சராசரியாக 147 நிமிடம் மிதித்தவர்கள், பிறகு 151 நிமிடம் மிதித்தார்கள். 4 வாரம், ஐயா! அதற்கும் நூறு வருடம் முன்னால், 1878இல் ஆர்க்டிக் பயணம் போன ஷ்வாட்கா என்ற அமெரிக்க ராணுவ அதிகாரி, இறைச்சியை மட்டும் தின்றால் முதலில் சோர்வு வரும், இரண்டு மூன்று வாரத்தில் சரியாகிவிடும் என்று எழுதிவைத்திருக்கிறார். அவரை யாரும் படம் பிடித்துப் போடவில்லை.

2017இல் லூயிஸ் பர்க் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர் நடைப்போட்டி வீரர்களிடம் செய்த ஆய்வை யாராவது தூக்கிக்கொண்டு வருவீர்கள். தெரியும். கொழுப்பு உணவு சாப்பிட்ட குழு வேகத்தில் முன்னேறவில்லை, அதே வேகத்துக்குக் கூடுதல் ஆக்சிஜன் தேவைப்பட்டது. உண்மைதான். நான் என்ன ஒலிம்பிக்குக்கா போகிறேன்?

“டாக்டரைக் கேட்டாயா?” கேட்டேன். இன்சுலினோ ரத்த அழுத்த மாத்திரையோ எடுப்பவர்கள் கேட்காமல் தொடவே கூடாது. அது வேறு விஷயம்.

என் விஷயம், படம் எடுத்தவர் யார் என்பது. நான் ஓட ஆரம்பித்ததே அந்த அண்ணன் பேச்சைக் கேட்டுத்தான். முழங்கால் வலியில் அவர் ஓட முடியாமல் இருந்த மூன்று மாதமும், என் ஓட்டத்தை விட்டுவிட்டு அவரோடு நடையாய் நடந்தேன். ஒருநாள்கூட அவர் நொண்டுவதைப் படம் எடுக்கத் தோன்றவில்லை எனக்கு. அன்றைக்கு உங்கள் கையில் தண்ணீர் பாட்டில் இருந்தது, அண்ணே. படத்தின் ஓரத்தில் உங்கள் நிழலிலேயே தெரிகிறது. “என்னடா ஆச்சு?” என்று கேட்டுவிட்டு எடுத்திருந்தால் நானே வாயைக் கோணி நின்றிருப்பேன்.

இன்றைக்கு 14ஆவது நாள். தண்ணீரில் உப்புக் கரைத்துக் குடிக்கிறேன். தலைவலி போய்விட்டது. சாப்பிட்டவுடன் மேசையில் சாயும் தூக்கமும் இல்லை. மேடு வந்தால் இன்னும் கால் இழுக்கிறது, அதையும் மறைக்கவில்லை.

படத்தை நீக்கச் சொல்ல மாட்டேன். அது ‘வெண்ணை’ இல்லை, ‘வெண்ணெய்’. அதை மட்டும் திருத்திவிடுங்கள், அண்ணே.